மேல்மலையில் கம்பளி பதனிடும் கூடம்: புதிய தொழில்நுட்பங்களில் நமக்கு எது பொருந்தும்?

மேல்மலைப் பட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில் ஆடு வளர்க்கும் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து ஒரு குழுவாக இயங்கி வருகிறோம். பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும்தான் எங்களுக்கு முதல் வருமானம். ஆடு அதற்கு அடுத்ததுதான். மன்னவனூரில் 1965 முதல் இயங்கிவரும் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் மெல்லிய உரோமம் தரும் பாரத் மெரினோ இன ஆடுகளை வளர்க்கிறார்கள் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த இனக் கிடாக்களின் வழிவந்த கலப்பு ஆடுகள் எங்கள் பட்டிகளில் இருப்பதால், ஒரே மந்தையில் மெல்லிய உரோமமும் கையில் குத்துகிற முரட்டு உரோமமும் கலந்தே கிடைக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை கத்தரித்துச் சாக்கில் கட்டி வைக்கிறோம். வியாபாரி வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே விலை. வராவிட்டால் அடுத்த மழைவரை அது மூலையில் கிடக்கும்.

அண்மையில் சமவெளியிலிருந்து ஓர் இயந்திர விற்பனையாளர் வந்து, உரோமம் கழுவும் சிறு தொட்டி வரிசை, உரோமத்தைக் கம்பிப்பற்களால் பிரித்துச் சீவும் கார்டிங் இயந்திரம், நூற்பு இயந்திரம், இவற்றோடு கம்பளியை வாஷிங் மெஷினில் போட்டாலும் சுருங்காதபடி செய்யும் ‘பிளாஸ்மா’ சாதனம் ஆகியவற்றுக்கு ஒரே விலைப்புள்ளி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கைபேசியில் அவர் காட்டிய காணொளியைக் கண்டு குழுவிலுள்ள பெண்கள் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். இவற்றில் எது எங்களுக்கு வேண்டும், எது வேண்டாம், எதிலிருந்து தொடங்குவது என்று துறை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

இழைநுட்பர், குன்னூர் எழுதியது:

நான் வடநாட்டுக் கம்பளி ஆலைகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன். விற்பனையாளர் காட்டிய பிளாஸ்மா பொய்யன்று. ஆனால் அது வரிசையின் கடைசியில் வரவேண்டிய சாதனம், அதுவும் உங்கள் வரிசையில் வந்தாக வேண்டும் என்பதில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இது தெரியாமல்தான் பல குழுக்கள் கடனில் விழுகின்றன.

ஆட்டு உரோமத்தின் மேற்பரப்பில், வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மிக நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வேரிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்கு ஓட்டினால் தடுக்கும். ஈரமும் வெப்பமும் அசைவும் சேரும்போது ஒவ்வோர் இழையும் தன் வேர்ப்பக்கமாக மட்டுமே நகர்ந்து, திரும்பி வர முடியாமல் அடுத்த இழையோடு சிக்கிக்கொள்ளும். சுவெட்டரைத் துவைத்தால் குழந்தைக்குப் போடும் அளவுக்குக் கட்டியாகிச் சுருங்கிவிடுவது இதனால்தான். இதைத் தடுக்க 1970களிலிருந்து உலகெங்கும் பரவிய முறை குளோரின்–ஹெர்கோசெட் எனப்படுவது: முதலில் குளோரினால் செதில்களை அரித்துவிட்டு, பிறகு மெல்லிய பாலியமைடு பிசினால் இழையைப் போர்த்துவார்கள். வேலை செம்மையாக நடக்கும். ஆனால் குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள் கழிவுநீரில் சேரும், அவை எளிதில் சிதையமாட்டா. ஆகவேதான் இயற்கைவழி ஜவுளிக்கான ஜிஓடிஎஸ் போன்ற தரச்சான்றுகள் குளோரின் முறையை ஏற்பதில்லை.

இதற்கு மாற்றாக வந்தவை மூன்று. பிளாஸ்மா என்பது மின்புலத்தால் அயனியாக்கப்பட்ட வாயு. செதில்களின்மேல் இயற்கையாகவே ஒட்டியிருக்கும், நீரை விலக்கும் கொழுப்பமிலப் படலத்தை அது எரித்து அகற்றிவிடுகிறது. இழையின் உட்பகுதியை அது தொடுவதில்லை, தண்ணீரும் தேவையில்லை. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் பிளாஸ்மாவால் மட்டும் வாஷிங் மெஷின் தாங்கும் தரம் பெரும்பாலும் கிட்டுவதில்லை. அதன்மேல் ஏதேனும் ஒரு பிசினும் பூச வேண்டியிருக்கிறது. ஓசோன் இரண்டாவது. மூன்றாவது, புரதத்தைச் சிதைக்கும் நொதி. கம்பளியும் புரதமே என்பதால் நொதி செதிலோடு நிற்காமல், உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் இடைப்படலத்தின் வழியாக உள்ளே புகுந்து இழையின் வலுவையே குறைத்துவிடும். இதைத் தடுக்க நொதியை ஒரு பெரிய பலபடி மூலக்கூறோடு பிணைத்து, உள்ளே நுழைய முடியாத அளவுக்கு அதைப் பருக்கச் செய்யும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மூன்றுமே மெல்லிய மெரினோ உரோமத்தை நாள்தோறும் டன் கணக்கில் ஓட்டும் ஆலைகளுக்காக எழுந்த முயற்சிகள்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் உரோமத்தின் சராசரி விட்டம் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு)? இது தெரியாமல் எந்த இயந்திரத்தைப் பற்றியும் யாரும் அறிவுரை கூற இயலாது. முரட்டுக் கம்பளத்தையும் விரிப்பையும் எவரும் வாஷிங் மெஷினில் போடப்போவதில்லை. அவற்றுக்குப் பிளாஸ்மா எதற்கு?

சாயப்பட்டறை, கோத்தகிரி எழுதியது:

குன்னூர் ஐயா கடைசிச் சாதனத்திலிருந்து பேசினார். நான் முதல் சாதனத்திலிருந்து பேசுகிறேன். கழுவும் தொட்டிதான் இந்த விலைப்புள்ளியிலேயே ஆபத்தானது. நான் திருப்பூரில் தொழில் செய்தவன். சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையை என்ன செய்தது என்பதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும், அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறப் பட்டறைக்காரர்கள் பட்ட பாட்டையும் அருகிலிருந்து பார்த்தவன். உரோமம் கழுவிய நீர், கிலோவுக்குக் கிலோ பார்த்தால், பருத்திச் சாயக்கழிவைக் காட்டிலும் மோசமானது.

கழுவாத மெரினோ வகை உரோமத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை வெறும் கொழுப்பே, அதுதான் லானோலின். அதோடு உலர்ந்த வியர்வையின் பொட்டாசிய உப்புகள், மண், சாணம், முள், மருந்துக் குளியலின் எச்சம் எல்லாம் சேரும். அந்தக் கொழுப்பு உருகுவது 40 டிகிரியை ஒட்டித்தான் என்பதால் குளிர்ந்த நீரில் என்ன சோப்பு போட்டாலும் அது போகாது. 60 டிகிரிக்கு மேல் சூடான நீர் வேண்டும். பழைய முறையில் ஒரு கிலோ உரோமத்துக்கு 10 முதல் 15 லிட்டர் தண்ணீர் செலவாகும். நீரைச் சுழற்சியில் விட்டு, மையவிலக்கு இயந்திரத்தால் லானோலினைப் பிரித்தெடுத்து, அதை அழகுப்பொருள் நிறுவனங்களுக்கு விற்கும் தேர்ந்த ஆலைகளில் 6 லிட்டருக்கும் குறைவாகச் செலவிடுகிறார்கள். அந்த மையவிலக்கு விற்பனையாளரின் விலைப்புள்ளியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்றே நினைக்கிறேன்.

வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட பிறகும் பாதரசத்தின் பேச்சு இன்னும் ஓயாத மலை உங்களுடையது. மேல்மலையின் ஓடைகளில் கொழுப்பு மிதக்கத் தொடங்கினால், முதலில் பாதிக்கப்படுவது கீழே பூண்டு கழுவும் உங்கள் சொந்தக்காரர்கள்தாம்.

கம்பளிக்காரர் பேரன் எழுதியது:

இரண்டு பெரியவர்களும் சேர்ந்து கேட்டவரைப் பயமுறுத்திவிட்டார்கள். என் பாட்டனார் காலம்வரை எங்கள் வீட்டில் கம்பளி நெய்தார்கள். ஆட்டை ஓடையில் நிறுத்திக் கழுவி, காய்ந்தபின் கத்தரித்து, வில்லால் அடித்துப் பக்குவப்படுத்தி, கையால் நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை போட்டு, குழித்தறியில் நெய்தார்கள். மையவிலக்கும் இல்லை, மைக்ரானும் இல்லை. அந்தக் கம்பளி மழையில் நனைந்தாலும் உள்ளே இருப்பவனை நனையவிடாது. புதுமை என்று சொல்லி எல்லாவற்றையும் இயந்திரத்தில் கொண்டுபோய்க் கட்டுவது தேவைதானா?

இழைநுட்பர், குன்னூர் எழுதியது:

தம்பி, உங்கள் பாட்டனாரின் கம்பளி மழையைத் தாங்கியதற்கு ஒரு காரணம், அதில் கொழுப்பு முழுவதும் போகாமல் மிச்சம் இருந்ததுதான். அவருடைய ஆடு தக்காண முரட்டு உரோமத்து ஆடு. அதில் கொழுப்பே மிகக் குறைவு, ஆகவே ஓடைநீர் போதுமானதாக இருந்தது. மெரினோ இரத்தம் கலந்த ஆட்டில் அந்தக் கணக்கு செல்லாது. கொழுப்பு மிகுந்த உரோமத்தைக் கழுவாமல் கார்டிங் இயந்திரத்தில் விட்டால் கம்பிப்பற்கள் எல்லாம் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். ஓர் ஆலையில் கார்டிங் உருளையைப் பிரித்து நாள் முழுவதும் துடைத்துக்கொண்டிருந்த பணியாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் பதிவில் ஓர் உண்மை இருக்கிறது. கத்தரிப்பதற்கு முன்பே ஆட்டைக் குளிப்பாட்டிவிட்டால் மண்ணும் வியர்வை உப்பும் பெருமளவு போய்விடும். தொட்டிக்கு வரும் சுமை குறையும். இன்றைய ஆலைகளிலும் கொழுப்பு நீக்கும் தொட்டிகளுக்கு முன்னால், வியர்வை உப்பை மட்டும் கரைத்தெடுக்கும் தனித் தொட்டி ஒன்று வைப்பதுண்டு. அதிலிருந்து வரும் நீரில் பொட்டாசியம் மிகுதி. சோப்பு கலக்காத அந்த முதல் நீரைத் தனியே பிரித்து, நீர்த்துப்போகச் செய்து வயலுக்கு விடுவது பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஒப்புதல் கேட்கலாம். இரண்டாவது சூட்டு நீர்தான் சிக்கல். அதை ஓடையில் விட எவரும் உரிமை தரமாட்டார்கள், தரவும் கூடாது.

கால்நடை மருத்துவர், உதகை எழுதியது:

மைக்ரான் கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் விவாதம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. பாரத் மெரினோவின் உரோமம் 20 மைக்ரானையொட்டியது. எங்கள் நீலகிரி இனத்தினுடையது சுமார் 27. நீலகிரி ஆடு, கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகியவை 19ஆம் நூற்றாண்டில் கலந்து உருவானது. இன்று எண்ணிக்கையில் மிகச் சுருங்கிப்போன இனம். சாண்டிநல்லா செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் நீலகிரி ஆட்டோடு மெரினோவையும் ராம்புலேவையும் கலந்து சாண்டினோ என்ற இனத்தையும் உருவாக்கியிருக்கிறார்கள். உங்கள் மந்தையில் இந்த இரு எண்களுக்கும் இடையிலும், அதற்கு மேலும் உள்ள ஆடுகள் கலந்திருக்கக்கூடும்.

சராசரி மட்டும் போதாது. 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினாலே அந்தத் துணி தோலில் குத்தும் என்பது நெடுநாள் ஆய்வுகளில் தெளிவான செய்தி. சராசரி 22 இருந்தும், கலப்பு மந்தையின் சில ஆடுகளால் அந்த ஐந்து விழுக்காடு தாண்டிவிட்டால், சால்வைக்குப் போக வேண்டிய உரோமம் விரிப்பு விலைக்குப் போகும். உங்கள் வியாபாரி ஒரே விலை கொடுப்பதற்கு அவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை. கலந்து கட்டிய சாக்குக்கு எவரும் முரட்டு உரோமத்தின் விலையைத்தான் கொடுப்பார்.

இங்கேதான் உங்களுக்கு உண்மையாகவே பயன்படும் புதிய தொழில்நுட்பம் இருக்கிறது. முற்காலத்தில் நுண்ணோக்கியின் திரையில் ஒவ்வோர் இழையாக அளந்தார்கள். ஒரு மாதிரிக்கு அரைநாள் போகும். இப்போது லேசர்ஸ்கேன், ஓஎஃப்டிஏ என்ற இரு வகைக் கருவிகள் இரண்டு மில்லிமீட்டர் துணுக்குகளாக வெட்டிய ஆயிரக்கணக்கான இழைகளைச் சில நிமிடங்களில் அளந்து, சராசரியோடு பரவலையும், குத்தும் இழைகளின் விழுக்காட்டையும் சேர்த்தே கொடுக்கின்றன. பட்டிக்கே எடுத்துச் செல்லத்தக்க ஓஎஃப்டிஏ வகையும் உண்டு. நீங்கள் கருவியை வாங்க வேண்டியதில்லை. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். தானேயில் கம்பளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது; ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறியாடு நிறுவனத்தின் ஜவுளிப் பிரிவையும் உங்கள் மன்னவனூர் மையத்தின் வழியாகவே கேட்கலாம்.

இழைநுட்பர், குன்னூர் எழுதியது:

மருத்துவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதோடு இழையின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருமுறை கத்தரிப்பதால் உங்கள் உரோமம் குட்டையாகவே கிடைக்கும். கோட்டுத் துணிக்கு உரிய வொர்ஸ்டெட் நூலுக்கு, இழைகளைச் சீவி, குட்டையானவற்றைக் கழித்து, மிஞ்சியவற்றை இணையாக அடுக்க வேண்டும். குட்டை உரோமத்தில் அது நடவாது. விற்பனையாளர் கொடுத்த நூற்பு இயந்திரம் எந்த முறைக்கானது என்று கேட்டீர்களா? சிரோஸ்பன் என்று ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ உருவாக்கிய ஒரு முறை உண்டு; இரண்டு இழைக்கற்றைகளை ஒரே கதிரில் சேர்த்து முறுக்குவதால், தனியாக இரட்டை முறுக்குப் போடும் வேலை மிச்சமாகும். நல்ல கண்டுபிடிப்புத்தான், ஆனால் அதற்கும் நீண்ட, சீரான இழை வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கத்தரிக்க முடியுமா என்று யோசியுங்கள்.

கால்நடை மருத்துவர், உதகை எழுதியது:

அதில் நான் உடன்படவில்லை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறிமாறி நனைக்கும் மலையில் நீண்ட உரோமத்தோடு ஆட்டை விட்டால், உரோமம் உலராமல் தோலில் அழுகல் நோய் வரும், பேன் பெருகும், உரோமமும் மஞ்சளித்துப்போகும். நீளத்துக்காக ஆட்டை இழக்கக்கூடாது. வேண்டுமானால் கொட்டகை வசதி உள்ளவர்கள், நல்ல உரோமம் தரும் சில ஆடுகளில் மட்டும் சோதித்துப் பார்க்கலாம்.

உதகைத் தையல் எழுதியது:

தோடர் பூத்தையல் செய்யும் பெண்களிடமிருந்து சால்வைகளை வாங்கி விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வெளியூர் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பதே இந்த நூல் உண்மையான கம்பளியா என்பதுதான். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் நூல் கம்பளியாகவும் வரும், அக்ரிலிக்காகவும் வரும். நான் ஒரு நூலைப் பிய்த்து நெருப்பில் காட்டுவேன்: கம்பளியானால் முடி கருகும் வாடையோடு பொசுங்கி, நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்து, விரலில் நசுங்கும் கரியாகிவிடும், அக்ரிலிக் உருகி, சொட்டி, கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். ஊட்டியில் ‘கம்பளி’ என்று விற்கும் சுவெட்டர்களில் பலவற்றை இப்படிப் பார்த்தால் மணிதான் மிஞ்சும்.

மேல்மலைக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: சாயம் போகாத சிவப்பும் கறுப்பும் உங்களால் தர முடியுமா? உள்ளூரில் சிலர் சாயமேற்றித் தந்த நூலில் தைத்த சால்வை முதல் துவைப்பிலேயே சிவப்பு கசிந்து, வெள்ளைத் துணி முழுவதும் ரோஜா நிறமாகித் திரும்பி வந்தது. சாயமும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். கீழே கோவையில் போட்டால் நிற்கிற சாயம் இங்கே போட்டால் நிற்பதில்லை என்கிறார்கள். தண்ணீர்தான் காரணமா?

சாயப்பட்டறை, கோத்தகிரி எழுதியது:

அம்மா, தண்ணீரைவிட உயரம் முக்கியம். அமிலச் சாயத்தைக் கம்பளியில் ஏற்றுவதற்கான பக்குவக் குறிப்புகள் எல்லாம் 98 டிகிரி அல்லது கொதிநிலையில் ஒரு மணிநேரம் என்று சமவெளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் 93 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும்; எத்தனை விறகைப் போட்டாலும் திறந்த அண்டாவில் அதற்குமேல் சூடு ஏறாது. மன்னவனூரிலும் ஏறத்தாழ இதே நிலைதான். சாய மூலக்கூறு இழையின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது, உள்ளே இறங்குவதில்லை. கண்ணுக்கு நிறம் ஏறியதுபோல் தெரியும்; சோப்பு நீரைக் கண்டதும் இறங்கிவிடும்.

மீள்வதற்கு வழிகள் இரண்டு. அழுத்தம் தாங்கும் மூடிய பாத்திரம் ஒன்று. மற்றொன்று, குறைந்த வெப்பத்தில் சாயமேற்றும் முறை: செதில்களுக்கு இடையிலுள்ள கொழுப்புப் படலத்தைத் தளர்த்தும் துணைப்பொருள் ஒன்றைச் சாயத்தொட்டியில் சேர்த்தால், 85 முதல் 90 டிகிரியிலேயே சாயம் உள்ளே இறங்கும். ஆஸ்திரேலியாவில் இழையின் வலு கெடாமலிருக்கவும் எரிபொருளை மிச்சப்படுத்தவும் இந்த முறையைக் கண்டார்கள். நமக்கு மலையின் கொதிநிலையே 93 என்பதால், அது கைக்கு எட்டிய மருந்தாகிவிடுகிறது. இந்த விவாதத்தில் பேசப்பட்ட புதுமைகளில் உள்ளபடியே மலைக்கென்று பொருந்துவது இது ஒன்றுதான் என்பேன்.

கறுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆழ்ந்த கறுப்புக்குக் காலங்காலமாகக் குரோமியச் சாயங்களைத்தான் நம்பினார்கள். டைகுரோமேட் உப்பைப் போட்டுச் சாயத்தை நிலைநிறுத்துவார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், கழிவுநீரில் கலந்தால் மண்ணும் கெடும். மலையில் எந்தக் குழுவும் அதைத் தொடவே கூடாது. 1966இல் சிபா நிறுவனம் அறிமுகப்படுத்திய லானசால் போன்ற வினைச் சாயங்கள், கம்பளிப் புரதத்தோடு வேதிப்பிணைப்பே கொள்வதால் துவைப்பில் கசிவதில்லை. அந்த வகையில் இப்போது கறுப்பும் கிடைக்கிறது. ஆழ்ந்த நிறமானால், சாயமேற்றியபின் 80 டிகிரியில் சிறிது அம்மோனியா சேர்த்து ஒட்டாத சாயத்தை அலசி எடுத்துவிடும் படியைத் தவறவிடக்கூடாது. உள்ளூரில் பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

நெறியாளர் எழுதியது:

நல்ல முறையில் நடக்கும் விவாதம். சுவெட்டர் கடைகளின் விலை பற்றி வந்த மூன்று பதிவுகளை வேறு விவாதப் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

மேல்மலைப் பட்டி எழுதியது:

மிக்க நன்றி. விலைப்புள்ளியை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். மையவிலக்கு அதில் இல்லை. நூற்பு இயந்திரம் எந்த முறைக்கானது என்று விற்பனையாளரைக் கேட்டதற்கு, “எல்லா முறைக்கும் ஓடும்” என்றார். அந்தப் பதிலே எங்களுக்குப் போதும்.

இன்னும் இரண்டு ஐயங்கள். குத்தும் உரோமத்தைப் பிரித்து ஒதுக்கினால், அந்தப் பெரும்பங்கை என்ன செய்வது? அடுத்து, மழைக்காலத்தில் வியாபாரி எங்கள் சாக்கை எடைபோட்டு, ஈரம் என்று சொல்லித் தன் விருப்பம்போல் கழித்துக்கொள்கிறார். தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கிறது.

இழைநுட்பர், குன்னூர் எழுதியது:

இரண்டாவதற்கு முதலில். கம்பளி தன் உலர் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை, தொட்டால் தெரியாமலேயே உள்வாங்கிக்கொள்ளும். மூடுபனி நாளில் எடைபோட்ட சாக்கு மாசி வெயிலில் எடை குறைந்து நிற்கும். ஆகவே வியாபாரி சொல்வதில் பொருள் உண்டு. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பது அவர் விருப்பம் அன்று. உலகச் சந்தையில் ஒரு மாதிரியை 105 டிகிரி உலரடுப்பில் முற்றாகக் காயவைத்து எடைபார்த்து, அதோடு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஈர விகிதத்தைச் சேர்த்துத்தான் விலை பேசுகிறார்கள். கோவையில் சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வு நிறுவனங்களுக்கு இது புதிய வேலையன்று. ஒருமுறை அளந்து, அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

முரட்டு உரோமத்துக்கு வழிகள் உண்டு. ஊசித்துளை முறையில் தறியே இல்லாமல் அடித்துச் சேர்க்கும் கம்பளித் தகடுகளைக் கட்டடங்களில் வெப்பக் காப்புக்கும், குளிர்ச்சியோடு அனுப்ப வேண்டிய உணவுப்பொருள்களின் பெட்டிக்குள் விரிக்கவும் பிரிட்டன் போன்ற நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். கொடைக்கானலிலிருந்து காளானும் ஸ்ட்ராபெர்ரியும் அனுப்புகிறவர்கள் தெர்மாகோல் பெட்டிக்குச் செலவிடுவதை நினைத்துப் பாருங்கள். ஆனால் இதற்கும் உரோமத்தைக் கழுவித்தான் ஆக வேண்டும், பூச்சி அரிக்காமலும் பக்குவம் செய்ய வேண்டும்.

கழுவவே வேண்டாத ஒன்று உண்டென்றால் அது உரம். கம்பளிப் புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜனும், அதோடு கந்தகமும் உள்ளன. மண்ணில் மெல்ல மெல்லச் சிதைந்து விடுவிக்கும். இத்தாலியின் பியெல்லா பகுதியில், விலைபோகாத உரோமத்தை அழுத்தத்தில் 170 டிகிரி வரை சூடேற்றிய நீராவியால் சிதைத்து உரமாக்கும் சோதனை ஆலை அமைத்தார்கள். ஐரோப்பாவில் வேறு சிலர் சிறு உருண்டைகளாக அழுத்தி விற்கிறார்கள். உங்களுக்கு ஆலையும் வேண்டாம், உருண்டையும் வேண்டாம்: வயிற்றுப்பகுதி, கால், வால் உரோமத்தை நறுக்கி உங்கள் பூண்டு, கேரட் பாத்திகளிலேயே மண்ணுக்கடியில் போடலாம். பூண்டுக்குக் கந்தகமும் வேண்டும்.

கம்பளிக்காரர் பேரன் எழுதியது:

மண்சரிவுச் சரிவுகளில் கம்பளி வலை விரிக்கலாம் என்று எங்கோ படித்தேன். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்ததை நினைத்தால் அதற்கும் ஒரு சந்தை இருக்குமே?

இழைநுட்பர், குன்னூர் எழுதியது:

அந்த வேலையைத் தென்னை நார் வலை ஏற்கெனவே செய்கிறது, பக்கத்திலேயே பொள்ளாச்சியில் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதோடு போட்டியிட வேண்டாம்.

மேல்மலை நண்பருக்கு என் கருத்து இதுவே. கடன் வாங்காமல் செய்யக்கூடிய தரம் பிரித்தலை இந்தக் கத்தரிப்பிலேயே தொடங்குங்கள். மெல்லிய உரோமத்தை மட்டும் சேர்த்து, மையவிலக்கு உள்ள ஏதேனும் ஒரு வடநாட்டு ஆலையில் கூலிக்குக் கழுவி வாங்குங்கள். கழுவிய உரோமம் எடையும் குறைவு, திரும்பி வரும் வண்டிச் செலவும் குறைவு. கார்டிங், கைநூற்பு அல்லது மோட்டார் இராட்டை, குறைந்த வெப்பச் சாயம் இவை மலையில் நடக்கலாம். உதகைத் தையல் அம்மா கேட்ட சிவப்பும் கறுப்பும் முதல் வாடிக்கையாக இருக்கட்டும்.

சாயப்பட்டறை, கோத்தகிரி எழுதியது:

தையலே இல்லாமல் முழு ஆடையையும் ஒரே வார்ப்பில் பின்னும் ஹோல்கார்மென்ட் இயந்திரத்தை ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995இல் மிலானில் நடந்த ஐடிஎம்ஏ என்ற ஜவுளி இயந்திரக் கண்காட்சியில் காட்டியதிலிருந்து, வெட்டித் தைக்கும்போது வீணாகும் துணி என்ற பேச்சே அங்கு இல்லை. அடுத்த விற்பனையாளர் அதைத்தான் கொண்டுவந்து காட்டுவார்; முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். அந்த ஊசிகளுக்கு வேண்டிய சீரான நூல் உங்கள் இராட்டையில் இப்போது வராது.

மேல்மலைப் பட்டி எழுதியது:

அந்த இயந்திரத்துக்குக் கடன் கேட்கமாட்டோம் ஐயா. மருத்துவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாதிரி எடுக்கும் முறையையும் கத்தரிக்கும் நாளில் கவனிக்க வேண்டியதையும் சொன்னால், குழுவில் படித்துக் காட்டுவேன். சாக்கு பற்றியும் சொல்லுங்கள். எங்களிடம் இருப்பவை எல்லாம் உரச் சாக்குகளும் கேரட் மூட்டைச் சாக்குகளும்தான்.

கால்நடை மருத்துவர், உதகை எழுதியது:

மாதிரியைக் கத்தரிப்பதற்கு முன்பே எடுங்கள். ஆட்டின் பக்கவாட்டில், கடைசியிலிருந்து மூன்றாவது விலா எலும்பின்மேல், முதுகுக்கும் வயிற்றுக்கும் நடுவே, உள்ளங்கை அளவு இடத்தில் தோலை ஒட்டி வெட்டிக் காகித உறையில் போட்டுக் காதுக் குறி எண்ணை எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துவிடும். எல்லா ஆடுகளுக்கும் செலவு செய்ய இயலாவிட்டால் முதலில் கிடாக்களுக்கு அளந்துவிடுங்கள், ஏனெனில் அடுத்த ஆண்டுக் குட்டிகளின் உரோமத்தை முடிவு செய்வது அவைதாம். அழகான ஆடுகளாகத் தேர்ந்தெடுத்து அனுப்பி ஆய்வகத்தை ஏமாற்ற வேண்டாம்.

கத்தரிக்கும் நாளில் சிமெண்டுத் தரையோ சுத்தமான தார்ப்பாயோ வேண்டும். ஆடு நனைந்திருந்தால் அன்று கத்தரிக்காதீர்கள். வெட்டிய இடத்தையே திரும்பவும் வெட்டினால் விழும் துணுக்குகள் நூலில் முடிச்சாக வரும். கத்தரிப்பவரிடம் இதைச் சொல்லியே கூலி பேசுங்கள். வயிறு, கால், வால் உரோமம் தனி. ஆட்டுக்கு அடையாளமிடக் கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டைப் பயன்படுத்துவோர் இன்னும் இருக்கிறார்கள். எந்தச் சலவையிலும் அது போகாது, அந்த உரோமத்தை வெட்டி எறிய வேண்டியதுதான்.

உரச் சாக்கும் கேரட் சாக்கும் கூடவே கூடாது. அவற்றிலிருந்து உதிரும் பாலிப்புரப்பிலீன் இழை உரோமத்தில் கலந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் நூல்வரை போகும். கம்பளிச் சாயம் அதில் ஏறாது என்பதால், கறுப்பு நூலில் வெள்ளைக் கீற்றாக எட்டிப்பார்க்கும். சணல் சாக்கும் உதிரத்தான் செய்யும், ஆனால் கந்தக அமிலத்தில் நனைத்துச் சூடேற்றிச் செடிப்பொருளைக் கரியாக்கி உதறும் முறையில் சணல் போய்விடும், பாலிப்புரப்பிலீன் போகாது. நைலான் பொதிப்பை கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்கும்வரை பழைய பருத்தி வேட்டிகளை மூட்டையாகத் தைத்துக்கொள்ளுங்கள்.